எண்பத்து மூன்று என்றால் எந்த எண்பத்து மூன்று?

ஒவ்வொரு புத்தாண்டும் எங்கள் கூரைக்கு மேலால்தான் உலகத்துக்குள் நுழைகிறது. ஒக்லாந்தில் நள்ளிரவு ஆகும்போது பாரிசில் அதே நாளின் மத்தியானம். ரொறன்ரோவில் விடிகாலை 6 மணி. அங்கிருக்கும் உறவினர்கள் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுக்கும் நேரத்தில் எங்களுக்கு அந்த வருடம் கொஞ்சம் பழசாகிவிட்டிருக்கும். உலகப் படத்தின் ஓரத்தில், பல படங்களில் வரையாமலே விட்டுவிடுகிற ஒரு நாட்டில் வாழ்வதற்கு இப்படி ஒரு சின்னப் பெருமை உண்டு. 1999 டிசம்பர் 31 அன்று மட்டும் அந்தப் பெருமை ஒரு பரிசோதனைச் சாலையாக மாறியது. கைத்தொழில் வளர்ந்த நாடுகளில் முதலாவதாக 2000 ஆம் ஆண்டுக்குள் காலடி வைத்தது நியூசிலாந்து. இங்கே விளக்கு அணைகிறதா, தொலைபேசி வேலை செய்கிறதா, வங்கி இயந்திரம் காசு தருகிறதா என்று மற்ற நாடுகள் விழித்திருந்து பார்த்தன.

வை-ரூ-கே என்று அன்று எல்லோரும் உச்சரித்த அந்தச் சங்கதியை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. கணனிகளில் வருடத்தை நான்கு இலக்கத்தில் எழுதாமல் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். 1965 என்பது 65. 1999 என்பது 99. அடுத்தது 00. அந்தப் பூச்சியத்தை 2000 என்று எடுப்பதா, 1900 என்று எடுப்பதா என்று கணனிக்குத் தெரியாது. வட்டிக் கணக்கும் ஓய்வூதியமும் மருந்தின் காலாவதித் திகதியும் நூறு வருடம் பின்னுக்குப் போய்விடலாம் என்பதுதான் பயம். 1992 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 104 வயது மூதாட்டி ஒருவருக்குப் பாலர் வகுப்பில் சேரும்படி அழைப்புப் போனது. அவர் பிறந்த வருடம் கணனியில் 88 என்று இருந்தது. கணனி அவரை நான்கு வயதுக் குழந்தையாகக் கணித்தது.

இதைச் செய்தவர்கள் மடையர்கள் அல்லர். அறுபதுகளில் ஒரு துளை அட்டையில் 80 நிரல்கள்தான் இருந்தன. பெயர், விலாசம், சம்பளம், இலக்கம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கணனியின் நினைவகம் பொன் விலை விற்றது. ஒவ்வொரு திகதியிலும் இரண்டு இலக்கத்தை மிச்சம் பிடித்தால் இலட்சக்கணக்கான பதிவுகளில் பெருந்தொகை மிச்சமாகும். அவர்கள் எழுதிய நிரல் பத்து, பதினைந்து வருடத்துக்கு மேல் பிழைக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அதற்கிடையில் புதிதாக ஒன்று வந்துவிடும், அதை எழுதுகிறவன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தார்கள். புதிதாக வந்தவன் பழையதின் மேலேயே கட்டினான். முப்பது வருடம் அப்படியே போயிற்று.

இந்த மனநிலை எங்களுக்கு நன்றாகத் தெரிந்ததே. தொண்ணூறுகளில் சண்ட்றிங்ஹாமிலும் மவுண்ட் றொஸ்கில்லிலும் வாடகை வீடு எடுத்த எங்களில் பலர் நல்ல கட்டில் வாங்கவில்லை. சுவரில் ஆணி அடிக்கவில்லை. பெட்டியைக் கட்டிலுக்குக் கீழேயே வைத்திருந்தோம். இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று. அதற்குப் பிறகு ஊர் என்பதே கணக்கு. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் குறை சொல்ல ஏதுமில்லை. துளை அட்டைக்காரரின் கணக்கும் அப்படித்தான்.

இந்த நாட்டுக்குப் பயப்படக் காரணமும் இருந்தது. தென்தீவின் தென்முனையில், இன்வர்கார்கில் நகருக்கு அருகே, ரிவாய் முனை என்ற இடத்தில் பெரிய அலுமினிய உருக்காலை ஒன்று இருக்கிறது. 1996 லீப் வருடம், 366 நாட்கள். அந்த ஆலையின் நிரலை எழுதியவர்கள் அந்தக் கடைசி ஒரு நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவ்வருட முடிவின் நள்ளிரவில் உலைத்தொட்டிகளைக் கட்டுப்படுத்திய 660 கணனிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. இரண்டு மணித்தியாலம் கழித்து அவுஸ்திரேலியாவின் ரஸ்மேனியாத் தீவில், பெல் பே ஆலையிலும் அதே கூத்து நடந்தது. இரண்டு ஆலையிலும் ஒரே நிரல். அங்கே நள்ளிரவு வர இரண்டு மணித்தியாலம் கூடுதலாக எடுத்தது, அவ்வளவுதான். ரிவாயில் ஐந்து உலைத்தொட்டிகள் அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதாயின. நட்டம் பத்து இலட்சம் டொலருக்கு மேல்.

ஒக்லாந்துக்கு வேறோர் அனுபவம். 1998 தொடக்கத்தில் நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த நான்கு நிலத்தடிக் கம்பிவடங்களும் சில கிழமைகளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. அவற்றில் இரண்டுக்கு நாற்பது வயது. அது திகதிக் கோளாறு அல்ல, முதுமை. ஐந்து கிழமைகள் நகர மையம் இருண்டு கிடந்தது. தெருக்களில் மின்பிறப்பாக்கிகள் இரைந்தன. மாடிக் கட்டிடங்களில் வேலை செய்தவர்கள் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். வெள்ளைக்கார நண்பர்கள் இதைப் பெரும் அவலமாகச் சொல்லும்போது எங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. 1990 இலிருந்து யாழ்ப்பாணம் இருந்த நிலையை, ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் வைத்துச் செய்த விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்ததை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் தமிழோசை கேட்டதை அவர்களுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

ஆகவே 1999 இன் கடைசி நாளில் இந்த நகரம் தண்ணீர்ப் போத்தலும் மெழுகுதிரியும் வாங்கி அடுக்கியபோது நாங்களும் வாங்கினோம். எங்களில் கணனித் துறையில் வேலை தேடிக்கொண்ட இளைஞர் சிலருக்கு அன்றிரவு வேலைத்தலத்தில் காவல். மற்றவர்கள் ஒரு வீட்டில் கூடியிருந்தோம். அங்கே இருந்த ஒரு மாமி, இரண்டு மகன்மாரையும் வன்னியில் விட்டுவிட்டு வந்தவர், பிள்ளைகள் வை-ரூ-கே பற்றி விளங்கப்படுத்தியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அங்கை கறண்டே இல்லை. பிறகு என்னத்தைத் தம்பி நிக்கப் போகுது?"

ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. நவம்பரில்தான் வன்னியில் பெருஞ்சமர் நடந்து சனம் இடம்பெயர்ந்திருந்தது. கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கலாம். வன்னிக்கு எடுக்க முடியாது.

கொஞ்ச நேரத்தால் மாமி இன்னொன்று கேட்டார். "இஞ்சை பன்னிரண்டு எண்டால் அங்கை எத்தினை மணி?"

இந்தக் கேள்விக்கு அன்று இரண்டு விடை இருந்தது. 1996 இல் வரட்சியால் நீர்மின் உற்பத்தி குறைந்தபோது இலங்கை அரசாங்கம் மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அதே வருடம் ஒக்ரோபர் 26 அன்று அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரை வருடப்பிறப்பு வரை அப்படியே நின்றது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. எனவே ஒக்லாந்தில் 2000 பிறந்த கணத்தில் கொழும்பில் மாலை 5 மணி. வன்னியில் 4.30. கொழும்பிலிருந்து வடக்கே போகிறவர் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தில் அரை மணித்தியாலத்தைக் குறைக்க வேண்டும். பத்து வருடம் சனம் அப்படித்தான் வாழ்ந்தது. மாமிக்கு "நாலரை" என்று சொன்னோம். அவருடைய கடிகாரம் அதுதான்.

உலகத்துக் கணனிகளில் பெரும்பாலானவை இடத்துக்கிடம் நேரத்தை அறிய ஒரு பொதுவான கோப்பைப் பயன்படுத்துகின்றன. எந்த நாடு எந்தத் திகதியில் கடிகாரத்தை மாற்றியது என்ற வரலாறு முழுவதும் அதற்குள் இருக்கிறது. இலங்கைக்கு அதில் 'கொழும்பு' என்ற ஒரே பெயர். 1996 இன் இரண்டு மாற்றமும் 2006 இன் மாற்றமும் அதன் கீழ் ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. வன்னி நேரத்துக்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு குறிப்பு உண்டு. புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை என்றும், அப்பகுதி மக்கள் இந்தியாவின் நேரத்தைப் பயன்படுத்தலாம் என்றும் அது சொல்கிறது. அந்த வரிகளின் தொடக்கத்தில் ஒரு சிறு அடையாளம் இருக்கும். மனிதர் வாசிக்கலாம், கணனி வாசிக்காமல் தாண்டிப்போக வேண்டும் என்பது அந்த அடையாளத்தின் பொருள். எங்கள் சனத்தின் பத்து வருட நேரம் அங்கே அப்படித்தான் இருக்கிறது: யாராவது திறந்து வாசித்தால் உண்டு.

அந்த நள்ளிரவு ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தது. தொலைபேசி வேலை செய்தது. உலகம் முழுவதும் இதற்காகச் செலவழித்த பணம் 300 பில்லியன் டொலருக்கும் 600 பில்லியன் டொலருக்கும் இடையில் என்று மதிப்பிட்டார்கள். ஒன்றும் நடக்காததால் எல்லாமே ஏமாற்று என்று சிரித்தவர்கள் பலர். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் அந்த வேலை செய்யப்பட்டது என்பதை விளங்கப்படுத்துவது கடினம். பாத்திரம் கழுவுகிறவரை வீட்டில் யாருக்குக் கண்ணுக்குத் தெரியும்?

ஆனால் திருத்தியவர்களிலும் பலர் முழுதாகத் திருத்தவில்லை. இரண்டு இலக்கத்தை நான்காக்குவது பெரிய வேலை. அதனால் ஒரு குறுக்கு வழி பிடித்தார்கள். 00 இலிருந்து 20 வரை வந்தால் 2000 களாக எடு. அதற்கு மேலே வந்தால் 1900 களாக எடு என்று கணனிக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இருபது வருடத்துக்குள் வேறு யாராவது சரிசெய்வார்கள். 2020 ஜனவரி முதலாம் திகதி நியூ யோர்க் நகரில் வாகனத் தரிப்பிடக் கட்டண இயந்திரங்கள் வங்கி அட்டைகளை வாங்க மறுத்தன. அவற்றின் நிரல் 2020 க்குள் நுழையத் தயாராக இருக்கவில்லை. எங்கள் நாட்டிலோ 2024 பெப்ரவரி 29 அன்று ஆளில்லாப் பெற்றோல் நிலையங்களின் பம்புகள் நாடு முழுவதும் நின்றன. லீப் வருடத்தின் மேலதிக நாளை அவற்றின் கட்டணக் கருவி விளங்கிக்கொள்ளவில்லை. விடியமுன் வாடகைக் கார் ஓட்டப் புறப்பட்ட எங்களில் ஒருவர் மூன்று நிலையங்களுக்குப் போய் மூன்றிலும் அட்டையைச் செருகி எடுத்துப் பார்த்துவிட்டு, ஆட்கள் நிற்கும் நிலையம் ஒன்றைத் தேடிப்போய் வரிசையில் நின்றார். ரிவாய் முனையில் உலைகள் நின்று இருபத்தேழு வருடம் கழித்து, அதே நாட்டில், அதே ஒரு நாள் மறுபடியும் எல்லோரையும் ஏமாற்றியது.

தற்காலிகம் என்று தொடங்கியது நிலைத்துப்போவது கணனியில் மட்டுமல்ல. 1979 இல் இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது அதன் பெயருக்குள்ளேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொல் இருந்தது. மூன்று வருடத்துக்கு என்றார்கள். 1982 இல் அந்த மூன்று வருட எல்லையை நீக்கினார்கள். பெயரில் மட்டும் தற்காலிகம் தங்கிவிட்டது. அதன் கீழ் பிடிபட்டவர்களின் பிள்ளைகள் வளர்ந்து, அவர்களும் அதன் கீழ் பிடிபட்டார்கள்.

எங்கள் முன்னோருக்கும் இதே இலக்கச் சிக்கல் இருந்தது. பிரபவ தொடங்கி அட்சய வரை அறுபது பெயர்கள். முடிந்ததும் மறுபடி பிரபவ. பிரபவ வருடத்தில் பிறந்தேன் என்று ஒருவர் சொன்னால் அது 1927 ஆக இருக்கலாம், 1987 ஆகவும் இருக்கலாம். ஆனால் ஊரில் இது ஒருபோதும் சிக்கலாகவில்லை. சொல்பவரின் முகத்தில் நரையா, பால்மணமா என்று பார்த்தாலே போதும். பஞ்சாங்கம் எழுதாமல் விட்டதைக் கேட்பவரின் கண் நிரப்பிக்கொண்டது. சுருக்கி எழுதுவது கேட்பவருக்கு மிச்சம் தெரியும் என்ற நம்பிக்கையில்தான். சொன்னவரும் கேட்டவரும் ஒரே முற்றத்தில் இருக்கும்வரை அந்த நம்பிக்கை வேலை செய்யும்.

நாங்கள் எங்கள் வரலாற்றைச் சொல்லும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். ஐம்பத்தெட்டு. எழுபத்தேழு. எண்பத்தொன்று. எண்பத்து மூன்று. எண்பத்தேழு. தொண்ணூற்றைந்து. இரண்டு இலக்கம்தான். நூற்றாண்டைச் சொல்வதில்லை. என்ன நடந்தது என்றும் சொல்வதில்லை. "அவை எண்பத்து மூண்டிலை வந்த ஆக்கள்" என்றால் போதும். வீடு எரிந்தது, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தது, கொழும்பில் விட்டுவந்த வேலை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். 2009 ஐ மட்டும் அப்படிச் சுருக்க எங்களால் முடியவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது என்று முழுதாகத்தான் சொல்கிறோம்.

சுருக்கத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 'தொண்ணூறு' என்றால் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு மறுபடி யுத்தம் மூண்ட வருடம், மின்சாரம் நின்ற வருடம். வடக்கில் வாழ்ந்த முஸ்லிம் மக்களுக்கு அது ஒக்ரோபரில் சில மணித்தியால அவகாசத்தில் வீட்டையும் கடையையும் விட்டு வெளியேற்றப்பட்ட வருடம். விரட்டியவர்கள் எங்கள் பெயரால் விரட்டினார்கள். இரண்டு பேரும் 'தொண்ணூறு' என்றே சொல்வார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் தன் தொண்ணூறாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகலாம். இலக்கத்துக்குப் பின்னால் இருப்பதை வாய்திறந்து சொன்னால்தான் அது இரண்டு வேறு தொண்ணூறு என்பது தெரியவரும்.

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் எங்கள் முற்றத்தில் நின்றவர்கள் அல்லர். ஒரு பதினாறு வயதுப் பெண்பிள்ளை, பள்ளிக்கூட வேலைக்காகத் தன் குடும்பக் கதையை எழுத உட்கார்ந்தவள், பழைய படங்கள் இருந்த பிஸ்கற் பேணியைக் கொட்டிப் பார்த்தாள். ஒரு படத்தின் பின்னால் தாத்தாவின் கையெழுத்தில் 'ஆடி 83' என்று மட்டும் இருந்தது. ஆடி என்றால் கண்ணாடியா என்று கேட்டாள். 83 என்பது படத்தின் இலக்கமா, யாருடையதாவது வயதா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. படத்தில் நிற்கிற ஐந்து பேரில் மூன்று பேரின் பெயரைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

கணனிப் படிவத்தில் திகதிக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது. எதையாவது நிரப்பினால்தான் அடுத்த பக்கம் வரும். சான்றிதழ் இல்லாத அகதிகளின் பிறந்தநாளை ஜனவரி 1 என்று போட்டுவிடுவது பல நாடுகளில் வழக்கம். பிறப்புக்கு அது போகட்டும். இறந்த திகதி என்ற கட்டத்தில் மாமி தன் இளைய மகனுக்கு எதை எழுதுவார்? மூத்தவர் இப்போது எங்களோடு இருக்கிறார். இளையவரைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு தகவல் இல்லை. காணாமற் போனவர்களின் மரணத்தைப் பதிவதற்கு 2010 இல் இலங்கையில் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரிலும் 'தற்காலிக ஏற்பாடுகள்' உண்டு. மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று தாய்மார் மறுத்தார்கள். 2016 இல் அதைத் திருத்தி, மரணம் என்று சொல்லாமல் ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழுக்கு வழிசெய்தார்கள். மாமி எதையும் எடுக்கவில்லை. அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கிறது. அவர் அதை வெறுமையாக விட்டதும் ஒரு பதிவுதான். யாரும் அதை ஜனவரி 1 என்று நிரப்பிவிடக் கூடாது.

அடுத்த திகதிச் சிக்கலுக்கு நாள் குறித்தாயிற்று. யுனிக்ஸ் வழிவந்த கணனிகள் 1970 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து செக்கன்களை எண்ணி நேரத்தை அறிகின்றன. பழைய அமைப்புகளில் அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கிய இடத்தில் 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் அடங்கும். 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, ஒக்லாந்தில் பின்னேரம் 4 மணி 14 நிமிடம் 7 செக்கனுக்கு அது நிரம்பும். ஊரில் அப்போது காலை 8.44. அடுத்த செக்கனில் திருத்தப்படாத கணனிகள் 1901 டிசம்பர் 13 க்குத் திரும்பிவிடும். புதிய கணனிகளில் இடத்தைப் பெருப்பித்துவிட்டார்கள். பம்புக்குள்ளும் மின்தூக்கிக்குள்ளும் சுவருக்குள்ளும் ஒளிந்திருக்கும் பழசுகளைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும். அவற்றை எழுதியவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். எங்கே என்ன எழுதினோம் என்று அவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது என்கிறார்கள் துறை தெரிந்தவர்கள்.

எங்களுக்கும் அதே அவசரம்தான். அந்தப் பின்னேரத்தில் எண்பத்து மூன்றை நேரில் கண்டவர்களில் எத்தனை பேர் இந்த நகரத்தில் இருப்போம் என்று கணக்குப் பார்க்கப் பெரிய கணனி தேவையில்லை. அந்தப் பேணிப் படங்களை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறோம். 1983 என்று நான்கு இலக்கத்திலும், யூலை என்று மாதத்தையும், ஊரையும், தெரிந்த பெயர்களையும் எழுதுகிறோம். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதுகிறோம்.